கணக்கில் வராத வண்டு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்திலிருந்து இந்த உரையைக் கேட்பவர்களில் பலர் இன்றும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். வேறு பலர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து, பிறகு பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்தவர்கள். அறிவியல் மாதிரிகள் உண்மை உலகத்தை எவ்வளவு தூரம் காட்டுகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தைவிடத் தோட்ட அலுவலகச் சுவர் நம்மில் பலருக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தச் சுவரில் தோட்டத்தின் வரைபடம் தொங்கும். நடவு செய்த ஆண்டு வாரியாகப் பிரித்து, வண்ணமிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் எண்ணும் ஹெக்டேர் அளவும் எழுதியிருப்பார்கள். செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோணமாக நட்டால் ஒரு மரத்துக்கு ஏறக்குறைய 70 சதுர மீட்டர் இடம் கிடைக்கும். ஒரு ஹெக்டேருக்கு 143 மரம் நிற்கும். கன்று வாங்குவதற்கும் உரம் கேட்டு எழுதுவதற்கும் இந்தக் கணக்கு போதும். ஆனால் பிரிவுக்குள் இறங்கி எண்ணினால் 143 வராது. செம்மண் சாலையும் வடிகாலும் இடத்தைப் பிடித்திருக்கும். பள்ளத்தில் கன்று அழுகியிருக்கும். கனோடெர்மா பூஞ்சை சில மரங்களை அடியோடு சாய்த்திருக்கும். மேட்டு நிலமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: வரைபடத்தின் ஹெக்டேர் மலையை மேலிருந்து தட்டையாகப் பார்த்து அளந்தது, குலை வெட்டுகிறவரோ படிக்கட்டு நிலத்தில் ஏறி இறங்கி நடக்கிறார். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் தோட்டங்களில் அவ்வப்போது மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

அந்த வரைபடமும், அந்த 143 என்ற எண்ணும் மாதிரிகள்தாம். மேட்டையும் பள்ளத்தையும் நோயையும் ஒதுக்கிவிட்டு, இடைவெளி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட முடிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டிருந்தால் கணக்கே போட முடியாது. மாதிரியின் பயனும் குறையும் ஒரே செயலிலிருந்து, அதாவது சிலவற்றை விட்டுவிடுவதிலிருந்து, பிறக்கின்றன என்பதே இன்று நான் சொல்ல வந்தது. மாதிரி பொய் சொல்கிறதா என்று கேட்பதைவிட, அது எதை விட்டுவிட்டது, விட்டுவிட்ட பொருளுக்கு இந்த மண்ணில், இந்த வேலைக்கு என்ன முக்கியத்துவம் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்பது என் கருத்து.

விளைச்சல் முன்கணிப்பை எடுத்துக்கொள்வோம். செம்பனைப் பூ மகரந்தம் ஏற்ற நாளிலிருந்து குலை பழுக்க ஐந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. ஆகவே சில வரிசை மரங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றில் பழுக்காமல் கறுப்பாக இருக்கும் குலைகளை எண்ணி, சராசரி எடையால் பெருக்கினால், அடுத்த நான்கு மாதத்தில் எத்தனை டன் வரும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. ஆலைக்கு எத்தனை லாரி வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்று இதை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். கொரோனா காலத்தில் எல்லைகள் மூடப்பட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றபோது, மரம் காய்த்த குலைகள் வெட்ட ஆளின்றிப் பல இடங்களில் அழுகின. முன்கணிப்பு தவறிவிட்டது என்று அப்போது சிலர் சொன்னார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு இல்லை. எண்ணிய குலைகள் மரத்தில் இருந்தன. வெட்டுகிறவர் எப்போதும் இருப்பார் என்பது அந்தக் கணக்கில் யாரும் எழுதிவைக்காத ஓர் அனுமானம். விளையும் குலையைப் பற்றிய கணக்கு, ஆள்பலத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜோகூர்க்காரர்களுக்குப் புகைமூட்டம் புதிதல்ல. 2013 ஜூன் மாதத்தில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அங்கும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். அன்றைய குறியீடு காற்றில் மிதக்கும் துகள்களில் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவற்றைக் கணக்கிட்டது. நுரையீரலின் உள்ளறை வரை செல்லக்கூடிய 2.5 மைக்ரோமீட்டர் நுண்துகளைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018-இல்தான் அது மலேசியக் குறியீட்டில் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளைக்கு இருமல் விடாமல் இருக்க, பலகையில் மட்டும் மிதமான எண் காட்டியபோது, எண்ணை நம்பாமல் மூக்கை நம்பிய தாய்மார்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். குறியீடு தான் அளந்ததைச் சரியாகவே சொன்னது.

இங்கே ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது. ஒரு மாதிரி தரும் எண் சரியாக இருந்தால், அது வரைந்து காட்டும் படமும் உண்மை என்று கொள்ளலாமா? இதற்கு நம்முடைய பஞ்சாங்கமே நல்ல சான்று. ஆங்கிலேயரின் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி, சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர், 1825-இல் வெளியிட்ட தம் நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கணிதர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அந்த ஆண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பின்னாளில் வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபாவர் அந்தக் கணிப்பைச் சரிபார்த்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஒரு கோயிலின் நடையைச் சாத்துவதற்கும், கடலில் நீராடுவதற்கு ஊரைத் திரட்டுவதற்கும் அது தாராளமாகப் போதுமான துல்லியம்.

அந்தக் கணக்கில் ராகுவும் கேதுவும் உண்டு. நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளே அவை, ஏறக்குறைய 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. பாம்பு விழுங்குவதாகக் கதை சொன்னவரும், வெட்டுப்புள்ளி என்று வடிவியல் சொன்னவரும் ஒரே எண்ணைப் பயன்படுத்தி ஒரே நேரத்தைப் பெறலாம். சோழி பரப்பிய கணிதருக்கோ இரண்டு விளக்கங்களில் எதுவுமே தேவைப்படவில்லை. வாய்பாட்டின் வரிசை பிசகாமல் இருந்தால் போதும். எனவே கணித்தது பலித்ததை வைத்துக்கொண்டு, கணக்குக்குப் பின்னால் இருக்கும் கதை மெய்யானது என்று வாதிடுவது பொருந்தாது. பலன் சொல்வோர் இதைக் கேட்டு வருத்தப்படலாம்; ஆனால் இன்றைய இயற்பியலாளர்களுக்கும் இதே எச்சரிக்கை உரியது.

பழைய வாய்பாடு காலம் செல்லச்செல்ல வானத்திலிருந்து விலகுவதையும் நாம் கண்ணாரக் காண்கிறோம். சனிப்பெயர்ச்சியை, இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் 2023 ஜனவரியில் குறித்தது; பழைய வாய்பாட்டைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கம் அதே பெயர்ச்சியை அந்த ஆண்டு டிசம்பரில் குறித்தது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆவதால், இருப்பிடத்தில் சில பாகை வேறுபட்டாலே தேதியில் மாதங்கள் வேறுபட்டுவிடும். எந்தக் கோயில் எதைப் பின்பற்றுவது என்பது மரபு சார்ந்த முடிவு. அதில் நான் தலையிடவில்லை. தொலைநோக்கியில் பார்த்தால் சனி எங்கே தெரியும் என்று கேட்டால் மட்டும், விடை திருக்கணிதத்தின் பக்கம்தான் இருக்கும். கிரகணத்துக்குத் தாக்குப்பிடித்த அதே மரபு சனியில் தடுமாறுவதைக் கவனியுங்கள். ஒரு மாதிரியை ஒட்டுமொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ முத்திரை குத்த முடியாது.

வானிலை முன்னறிவிப்பில் நிலைமை தலைகீழ். அங்கே படம் சரி. எண்தான் கைக்கு அடங்குவதில்லை. காற்று எப்படி நகரும், வெப்பம் எப்படிப் பரவும், நீராவி எப்போது நீராகும் என்பவற்றுக்கான இயற்பியல் விதிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தன. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் படைப்பிரிவில் பணியாற்றிய காலத்தில், 1910 மே 20 அன்று மத்திய ஐரோப்பாவில் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று அந்த விதிகளைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். விடை 145 மில்லிபார் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. எவ்வளவு பெரிய புயலும் ஆறு மணி நேரத்தில் அப்படியொரு மாற்றத்தைச் செய்யாது. அவர் அதை மறைக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். விதிகளில் குற்றமில்லை, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று சமனாக இல்லாததால் பொய்யான அலைகள் கணக்குக்குள் புகுந்துவிட்டன. பல பத்தாண்டுகள் கழித்துப் பீட்டர் லிஞ்ச் என்ற அயர்லாந்து அறிஞர் அதே தரவைச் சமன்செய்து கணக்கிட்டபோது பொருத்தமான விடை கிடைத்தது.

தரவு எவ்வளவு சமனாக இருந்தாலும் கடக்க முடியாத எல்லை ஒன்று உண்டு என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் தற்செயலாகக் கண்டார். கணினி ஒன்றில் தாம் ஓட்டிய எளிய வானிலைக் கணக்கை இடையிலிருந்து மறுபடி ஓட்ட விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக அச்சில் வந்திருந்த 0.506 என்பதை உள்ளிட்டார். சிறிது நேரம் இரண்டு ஓட்டங்களும் ஒன்றாகச் சென்றன. பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் பிரிந்தன. ஒரு நாளின் வானிலையை இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டிச் சொல்வது கடினம் என்று இன்று கருதப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது. நம் ஊரில் இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது. கணினி வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. லம்பாக் மலைப் பக்கம் மதியம் மூன்று மணிக்குத் திரளும் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. மலையடிவாரத்தில் கொட்டும்போது ரயில் நிலையத்தில் வெயில் அடிக்கும். "ஜோகூரில் சில இடங்களில் இடியுடன் மழை" என்று மெட்மலேசியா சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எந்த இடம் என்று தெரியாதபோது தெரியாது என்பதை அந்தச் சொற்றொடர் நேர்மையாகச் சொல்கிறது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பொறியாளர்கள் சொல்லும் ஒரு தொடர், மாதிரியைக் கேட்கிறவரின் காதில் திரிந்து விழுகிறது. நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆகவே ஒருமுறை வந்துவிட்டால் பேரன் காலம் வரை கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டும் ஒருவர், அந்தக் காலத்துக்குள் அதை ஒருமுறையாவது காண்பதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு; நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். இதுகூட ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் தொடர்பில்லை, ஆற்றங்கரை நிலம் மாறவில்லை, மழையின் போக்கு மாறவில்லை என்ற அனுமானங்களின் மேல் நிற்கும் எண். 2006 டிசம்பரில் மூழ்கிய கோத்தா திங்கி, 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது. ஈரம் ஊறிய மண்ணும் நிரம்பிய ஆறும் முதல் மழையை மறந்துவிடுவதில்லை.

மாதிரி தான் பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணுக்குப் போகும்போது நேர்வதைப் பற்றி இனிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நம் முன்னோர் உயிர்விலை கொடுத்த கதை இது. ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதற்காக 1902-இல் நோபெல் பரிசு பெற்றார். அதன் பிறகு அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோய் பரவுவதை அவர் சமன்பாடாக எழுதினார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாது, ஆகவே கொசு ஒழிப்பு வீண் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் வாதிட்டுக்கொண்டிருக்கையில், கொசுவின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலே நோய் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் அடங்கும் என்று கணக்கால் காட்டினார். நோயாளிகளைப் பார்ப்பதால் மட்டும் யாருக்கும் தோன்றியிருக்காத முடிவு அது. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள்களில் தொலைக்காட்சியில் நாம் பார்த்த வளைவுகளெல்லாம் அந்தச் சிந்தனையின் வழித்தோன்றல்கள்தாம்.

மலாயாவில் அதே காலத்தில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் கிள்ளானுக்கு வந்தார். ஊர் காய்ச்சலில் கிடந்தது. புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், மலேரியாவால் மூடப்படும் நிலையில் இருந்தது. கொசு தேங்கிய நீரில் பிறக்கிறது. ஆகவே காட்டை வெட்டு, சதுப்பை வடி. இந்த எளிய படத்தை வைத்து அவர் வடிகால் வெட்டச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் ரப்பருக்காகக் காடழித்து வடிகால் வெட்டிய இடங்களில் தொழிலாளரின் உடல்நிலை தேறியது. கணக்கும் களமும் ஒத்துப்போன நல்ல நாள்கள் அவை.

பிறகு ரப்பர் மேட்டு நிலங்களில் ஏறியது. அங்கேயும் அதே முறையில் காட்டை வெட்டினார்கள். ஓடைகளின் புதரை நீக்கி, நீர் தடையின்றி ஓடும்படி தெளிவாக்கினார்கள். காய்ச்சல் குறையவில்லை, பல தோட்டங்களில் கூடியது. கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்களுடைய குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். வாட்சன் கண்டுபிடித்த காரணம் இது: சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் உம்புரோசஸ், காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அதன் வீடு அழிந்துபோகும். மேட்டு நிலத்து அனோபிலிஸ் மாக்குலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டின் நிழல் இருக்கும்வரை அதற்கு அங்கே இடமில்லை. நிழலை வெட்டி எறிந்து, ஓடையைச் சுத்தம் செய்து, தோட்டமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது.

கொசு என்ற ஒரே பெயருக்குள் பல இனங்களை அடக்கியதுதான் அந்தப் படம் விட்டுவிட்ட பொருள். கிள்ளானில் அதனால் கேடு நேரவில்லை. ஒரு படி மேலே ஏறியதும் அதுவே எல்லாமாக ஆகிவிட்டது. இதற்குப் பிறகு மேட்டு நிலங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே இறக்கினார்கள்; அது கட்டுப்படியாகாத இடங்களில் நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து ஓடை ஓடையாக எண்ணெய் அடித்த வேலை பழைய தோட்டக் குடும்பங்களில் பலருக்கு நினைவிருக்கும். எந்த இடத்தில் எந்த இனம் நோயைப் பரப்புகிறதோ அதன் பிறப்பிடத்தை மட்டும் குறிவைப்பது என்ற கொள்கை மலாயாவிலும் ஜாவாவிலும் உருவாகி உலகுக்குப் போனது. ராஸின் சமன்பாடு இதனால் தள்ளுபடி ஆகவில்லை. கொசு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பது மேட்டிலும் மெய்தான். எந்தக் கொசுவை எண்ணுவது என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவே.

இன்னொரு கதை நம் குளுவாங்குக்கே சொந்தமானது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். மலாயாவில் அதை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். அதன் மகரந்தம் காற்றால் பரவுகிறது என்பது பாடநூல்களில் நிலைபெற்ற செய்தி. மகரந்தம் நுண்மையானது, உலர்ந்தது, ஏராளமானது. காற்றுக்கென்றே செய்ததுபோல் தோன்றும். தீபகற்பத்தில் விளைச்சல் சுமாராக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் சபாவிலும், பல இடங்களில் இளம் மரங்களிலும், குலைகள் பாதி சூலுறாமல் பொக்காக நின்றன. காற்று போதவில்லை என்று முடிவுகட்டி, கையால் மகரந்தம் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் மரம் மரமாகச் சென்று, பவுடரில் கலந்த மகரந்தத்தைப் பெண் பூங்கொத்துகளின் மேல் ஊதினார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த செலவான வேலை. நம் பாட்டிமார், தாய்மார் செய்த வேலை.

மாதிரி தவறும்போது அதைச் சுற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திவைக்க எவ்வளவு உழைப்பு செலவாகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை. கேமரூனில் வேலை செய்துவிட்டு மலேசியாவுக்கு வந்த தோட்ட அதிகாரி லெஸ்லி டேவிட்சன், அங்கே செம்பனைப் பூக்களில் மொய்க்கும் சிறு வண்டுகள் இங்கே இல்லையே என்று கவனித்தார். அதைப் பூச்சியியலாளர் ரகுமான் சையது என்பவரிடம் ஆராயக் கொடுத்தார்கள். 1970-களின் இறுதியில் கேமரூனில் அவர் செய்த சோதனைகள் எளிமையானவை. காற்று புகக்கூடிய, பூச்சி புக முடியாத உறையைப் பெண் பூங்கொத்தின் மேல் கட்டினால் காய் பிடிக்கவில்லை. உறை இல்லாத பூக்களில் நன்றாகப் பிடித்தது. காற்று மகரந்தத்தைச் சுமந்தது உண்மைதான்; மரத்துக்கு வேண்டிய அளவு அது சுமக்கவில்லை.

வேலையைச் செய்தது எலைடோபியஸ் கமெரூனிக்கஸ் என்ற, அரிசி அளவுகூட இல்லாத வண்டு. அது ஆண் பூங்கொத்தில் முட்டையிட்டு வளர்கிறது. சோம்பு மணம் போன்ற ஒரு மணம் அதை இழுக்கிறது. பெண் பூவும் மலரும் நேரத்தில் அதே மணத்தை வெளியிடுவதால், வண்டு ஏமாந்து அங்கேயும் போய், உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டு வருகிறது. நூற்றாண்டுக்கு முன் மரம் விதையாகக் கடல் கடந்து வந்தபோது வண்டு ஆப்பிரிக்காவிலேயே நின்றுவிட்டது. தீபகற்பத்தில் உள்ளூர் இலைப்பேன் ஒன்று இந்த வேலையை அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தது. பழைய விளக்கம் இவ்வளவு காலம் பிழைத்ததற்கு இதுவே காரணம்: காற்றின் கணக்கில் வரவு வைத்த காயில் ஒரு பங்கு இலைப்பேனுக்கு உரியது.

வேறு பயிரை அது தின்னாது என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, 1981-இல் இதே குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். விரைவிலேயே அது தீபகற்பம் முழுவதும் பரவியது. கையால் மகரந்தம் ஏற்றும் வேலை முடிவுக்கு வந்தது. குலைகள் நெருக்கமாகக் காய்த்து எடை கூடின. வெட்டுகிறவரின் தோளுக்கும் சுமை கூடியது. பருப்பின் அளவு பெருகியதால் ஆலைகளில் கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் திணறின. பழைய குலையை வைத்துப் போட்ட ஆலைக் கணக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, விஞ்ஞானிகளின் கணக்கெல்லாம் நாளைக்கு மாறிவிடும், நமக்கு ஏன் வீண் கவலை என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பருவநிலை மாற்றம், தடுப்பூசி என்று தமக்குப் பிடிக்காத இடத்தில் மட்டும்தான் அதைச் சொல்கிறார்கள். கைத்தொலைபேசியில் வழிகாட்டியைப் பார்க்கும்போது சொல்வதில்லை. காற்றால்தான் மகரந்தம் பரவுகிறது என்று தெளிவாக எழுதிவைத்திருந்ததால்தான் உறைகட்டிச் சோதிக்க முடிந்தது. எதையும் உறுதியாகச் சொல்லாத விளக்கத்தை எந்த உறையாலும் சோதிக்க முடியாது.

வண்டைப் பற்றிய படமும் முடிந்த படமன்று. அண்மை ஆண்டுகளில் சில வட்டாரங்களில், குறிப்பாகக் கரிச்சேற்று நிலத்து இளம் நடவுகளில், காய்ப்பிடிப்பு மறுபடியும் குறைவதாகப் பேசப்படுகிறது. புதிய வகைக் கன்றுகள் முதல் சில ஆண்டுகளில் பெண் பூவையே மிகுதியாகத் தள்ளுகின்றன. அதிகக் குலை வேண்டும் என்றுதான் அப்படித் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். ஆனால் ஆண் பூ குறைந்தால் மகரந்தமும் குறையும், வண்டு பெருகும் இடமும் குறையும். தொடர்மழையில் வண்டு குறைவாகவே பறக்கிறது என்றும், அதன் உடலில் வாழும் நுண்புழு அதைப் பலவீனப்படுத்துகிறது என்றும், தொடக்கத்தில் கொண்டுவந்த சிறு கூட்டத்திலிருந்தே பெருகியதால் மரபுவளம் குறுகிவிட்டது என்றும் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். எது எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. இப்போதைக்கு அவர்கள் செய்வது எண்ணுவதுதான்: ஆண் பூங்கொத்தின் ஒவ்வொரு கதிரிலும் எத்தனை வண்டு, வெட்டிய குலையைப் பிரித்தால் முழுப் பழம் எத்தனை, பொக்கு எத்தனை, அந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று தோட்டம் தோட்டமாகப் பதிந்துவருகிறார்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும் நன்றி, வணக்கம்.